மேற்படி வீட்டில்

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் என் அண்ணி தன் வீட்டை எனக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பத்திரம் ஐந்து பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடது மூலையில் அவரும் வலது மூலையில் நானும் கையெழுத்திட்டோம்.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத அனுமதித்ததற்கு நன்றி, ஐயா. உங்கள் எழுத்தரைக் குறை சொல்லவில்லை. நேற்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம் ஒரே பத்தியாக ஓடியிருந்தது. படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். எது எதற்குப் பிறகு நடந்தது என்று தெரியாவிட்டால், செய்தவன் ஏதோ வெறி பிடித்தவன் என்று தோன்றிவிடும்.

நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஓர் அறை. இரண்டு மேஜை போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். ஒன்று என் மேஜை. இன்னொன்றில் பத்தொன்பது வருடமாக எனக்குத் தட்டச்சு செய்து தரும் அம்மா உட்காருவார். தெருவில் எல்லோரும் அவரைக் ‘கால்புள்ளி’ என்பார்கள். நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாலும், நிறுத்த வேண்டிய இடத்தில் அவரே நிறுத்திவிடுவார் என்பதால் வந்த பெயர். நான் சொல்வேன், அவர் அடிப்பார். தானம், விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஊரில் பாதிப் பேருடைய சொத்துக்கு நான்கு எல்லை சொன்ன எனக்கு, வாழ்நாளெல்லாம் வாடகை வீடுதான். கல்யாணம் ஆகவில்லை. பதினோரு வீடு மாறியிருக்கிறேன்.

அண்ணியை உங்களுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். என் அண்ணன் வெல்டர். அந்த வீட்டின் கதவுச் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, சன்னல் கம்பி எல்லாம் அவர் கையால் வெல்டிங் வைத்தது. அண்ணி முப்பது வருடம் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்தவர். வீட்டின் பின்பக்கம் அவருக்கென்று ஒரு தையல் அறையை அண்ணன் கட்டிக் கொடுத்தார். குழந்தை இல்லை. அண்ணன் போன பிறகு, “தனியா இருந்தா சுவத்தோடதான் பேசணும். அதுக்கு உங்களோட பேசலாம் தம்பி. ரெண்டும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும்,” என்று என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அப்படித்தான் பேசுவார். நல்ல மனநிலையில் இருந்தால் என்னைக் ‘கொழுந்தனாரே’ என்பார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் காபி குடிக்கும்போது, வீட்டை எனக்கே எழுதிவிடப் போவதாகச் சொன்னார். டம்ளரைக் கீழே வைக்க ஓர் இடம் தேடினேன் என்பது நினைவிருக்கிறது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் தன் சொத்தைத் தானமாகக் கொடுத்து, பெறுகிறவர் அதை ஏற்று, பத்திரம் பதிவாகிவிட்டால், அதோடு கதை முடிந்தது. பெற்றவர் விற்கலாம், இடிக்கலாம், பூட்டலாம். கொடுத்தவர் மறுநாள் மனம் மாறி அழுது புரண்டாலும் திரும்ப வாங்க முடியாது. பத்திரத்திலேயே அதற்கு ஒரு கதவை வைத்திருந்தால் மட்டும் முடியும். அந்தக் கதவைத்தான் முப்பத்திரண்டு வருடமாக நான் ஒவ்வொரு தானப் பத்திரத்திலும் ஆறாவது பத்தியாக வைத்து வந்தேன். “கொடையாளரை அவர் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் வைத்து, உணவு, உடை, மருந்து குறைவின்றிக் கொடுத்துப் பராமரிக்க வேண்டியது, தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு.” வயதானவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் விடும் பிள்ளைகள் உண்டு அல்லவா, அவர்களுக்காக. அந்தப் பத்தியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

என் சொந்தப் பத்திரத்தையும் நான்தான் சொன்னேன். பயன் பெறுகிறவனே எழுதினான் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, எழுதியவர் இடத்தில் பக்கத்து அறைப் பத்திர எழுத்தரைக் கையெழுத்திடச் சொல்லியிருந்தேன். ஆனால் வாசகம் என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஆறாவது பத்தியும் தானாக வந்தது. சொல்லி முடித்து வரைவை அச்சில் பார்த்தபோதுதான், என் கழுத்தில் நானே கயிறு மாட்டிக்கொண்டது தெரிந்தது. எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால்புள்ளி அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பத்திரத்திலும் நான் எடுக்காத பத்தி. என்னுடையதில் மட்டும் எடுத்தால் என்ன நினைப்பார்? வரைவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதிவு நாளன்று, அடையாள அட்டையின் நகல் எடுக்க நான் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அண்ணியும் கால்புள்ளி அம்மாவும் தட்டச்சு மேஜையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

“என்ன அண்ணி?”

“பொம்பளைங்க விஷயம். உங்களுக்கு எதுக்கு? போய் வரிசைல நில்லுங்க.”

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “யாரும் வற்புறுத்தலையேம்மா? மனசாரத்தானே குடுக்கறீங்க?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான்.

“வற்புறுத்தினா குடுக்கற ஆளா நான்? ஒரு சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுக்க எத்தனை நாள் அலைய விட்டிருக்கேன்னு இவரையே கேளுங்க.”

அறையே சிரித்தது. ஐந்து பக்கத்திலும் நான் வலது மூலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன். பிறரிடம் கையெழுத்து வாங்கி வாங்கிப் பழகிய கண் அது. மேலே போகாது.

மூன்று வாரம் கழித்து, பதிவான மூலப் பத்திரத்தை அண்ணியே போய் வாங்கி வந்தார். ஒரு பழைய சீருடைத் துணியில் உறை தைத்து, அதில் போட்டு என்னிடம் கொடுத்தார். “படிச்சுப் பாருங்க கொழுந்தனாரே.”

“நான் எழுதினதை நானே படிக்கறதா அண்ணி?”

“அதுவும் சரிதான். என்னிக்காவது படிப்பீங்க. அன்னிக்கு என்னை நினைச்சுக்குவீங்க.”

உறையைப் பிரிக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வரைவு என் பையில் இருந்தது. எனக்கு அது போதும்.

முதல் சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு காலையில் நான் காபி போட்டுக் கொடுத்தேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இந்தக் காபி ஒண்ணு போதும் தம்பி, நான் பத்திரத்தை ரத்து பண்ண.” நான் சிரித்தேன். சமையலறைக்குள் போய் உடனே வேறு காபி போட்டேன்.

அதன் பிறகு அவர் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார். மின்விசிறி சத்தம் போட்டால் ரத்து. நான் செருப்பை வாசலில் தாறுமாறாக விட்டால் ரத்து. பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கிடம் கூட, “சார் இன்னிக்குக் கீரை வாங்க மறந்துட்டாரு, ரத்துதான்,” என்று சொல்லி இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு ஒரு முடிதிருத்துகிறவரின் முகம் நினைவுக்கு வரும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மாமன் ஒருவர் வீடு எழுதிக் கொடுத்தார். பத்திரம் நான்தான் எழுதினேன். மூன்று வருடத்தில் ஏதோ மனத்தாங்கல். ஆறாவது பத்தியைக் காட்டி மாமன் ரத்து செய்தார். ரத்துப் பத்திரமும் நான்தான் எழுதினேன். ஒரு நாள் மதியம் அந்தத் தெரு வழியாகப் போனேன். சாமான்கள் வெளியே கிடந்தன. முடிதிருத்தும் கடையின் பெரிய கண்ணாடியை விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் நடைபாதையில் தன் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடியில் தெரு தெரிந்தது, வானம் தெரிந்தது, குடையும் பையுமாக நானும் தெரிந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எழுதறது நல்லா எழுதியிருந்தீங்க சார்,” என்றார்.

எனக்கு அறுபது வயதாகிறது, ஐயா. பன்னிரண்டாவது முறையாகச் சாமானைத் தூக்க என்னால் முடியாது. இரவில் தூக்கம் போயிற்று, பகலில் பசி போயிற்று. யாராவது கதவைத் தட்டினால் நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று சன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் திறப்பேன்.

ஆகவே ஆதாரம் சேர்க்க ஆரம்பித்தேன். நிபந்தனையை நிறைவேற்றினேன் என்று நாளைக்கு நான்தானே நிரூபிக்க வேண்டும்? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். காலை என்ன சாப்பிட்டார், மதியம் என்ன, மாத்திரை எத்தனை மணிக்கு. அவர் சாப்பிடும்போது தட்டு தெரிகிற மாதிரி தினமும் ஒரு படம் எடுத்தேன். ஞாயிறுதோறும், தன்னை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கையால் ஒரு வரி எழுதி வாங்கினேன். முதலில் அவருக்கு அது வேடிக்கை. “இந்த வாரம் கொழுந்தனார் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ரசத்தில் உப்பு மட்டும் இல்லை,” என்று எழுதுவார். அந்தச் சீட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. ஏழாவது வாரம், “என்ன தம்பி இது, நான் என்ன உங்களுக்கு மார்க் போடற டீச்சரா?” என்று பேனாவை வைத்துவிட்டார். எட்டாவது வாரம் எழுத மறுத்தார்.

மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆகஸ்டில், அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போய்வருகிறேன் என்றார். தங்கைக்கு முழங்கால் அறுவை. கூட இருக்க ஆள் இல்லை. நியாயமான காரணம்தான். ஆனால் பத்தியில் ‘மேற்படி வீட்டில் வைத்து’ என்றல்லவா இருக்கிறது? மேற்படி வீடு என்றால் கிழக்கே தெரு, மேற்கே குடோன் சுவர், வடக்கே பொதுவழி, தெற்கே மெக்கானிக்கின் பட்டறை. இந்த நான்கு எல்லைக்குள். பத்து நாள் வேறு வீட்டில் அவர் சாப்பிட்டால், அந்தப் பத்து நாள் நான் பராமரிக்கவில்லை என்று ஆகும். தங்கை வேறு விவரம் தெரிந்தவர். இதையெல்லாம் நான் அண்ணியிடம் சொல்லவில்லை. வெயில், அலைச்சல், இரத்த அழுத்தம் என்று சொன்னேன். அவர் பாட்டுக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதுதான் முதல் முறை.

அன்று மாலை மெக்கானிக் கையில் கிரீஸோடு என்னைத் தெருவிலேயே நிறுத்தினார். “என்ன சார், அக்கா காலைலேர்ந்து சன்னல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு சொல்றாங்க?”

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. “நினைவு தப்புதுப்பா. நேத்து ரோட்டுல போய் நின்னுட்டாங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. “அடப்பாவமே. எங்கம்மாவுக்கும் கடைசில இப்படித்தான் சார். நாங்களும் பூட்டித்தான் வச்சிருந்தோம். வேற வழி?” என் தோளைத் தொடப் போய், கிரீஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். “எப்ப என்ன உதவின்னாலும் கூப்பிடுங்க. வண்டி வாசல்லயேதான் நிக்குது.”

இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு அண்ணி எதைச் சொன்னாலும் அது நோயாகிவிட்டது. கத்தினால் நோய். அழுதால் நோய். என்னை அடைத்து வைத்திருக்கிறான் என்று சொன்னால், முற்றிய நோய். தெருவே என் பொறுமையைப் பற்றிப் பேசியது. தங்கை தொலைபேசியில் கூப்பிட்டால், இப்போதுதான் தூங்கினார் என்பேன். அவர் கால் தரையில் ஊன்ற இன்னும் மாதங்கள் ஆகும். பிறகு தொலைபேசியையும் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபரில் அண்ணியைத் தையல் அறைக்கு மாற்றினேன். தெருப் பக்கம் சன்னல் இல்லாத அறை அது. குடோன் சுவரைப் பார்த்த ஒரு சன்னல், அதன் மேலே ஒரு சின்னக் காற்றுத் துளை. உள்ளேயே குளியலறை உண்டு. கட்டில், மின்விசிறி, அவருடைய தையல் இயந்திரம் எல்லாம் இருந்தன. கத்தரிக்கோலை மட்டும் எடுத்துவிட்டேன். கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். சன்னலுக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கம்பியை நெருக்கமாகத்தான் வைத்திருந்தார்.

உணவு குறையவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு வேளை கூட விட்டுப் போகவில்லை. படங்களில் அவர் முகம் இளைத்துத் தெரிவது வெளிச்சக் குறைவால்.

நவம்பரில் ஒரு நாள், கதவுக்கு உள்ளேயிருந்து அவர் மிக நிதானமாகக் கேட்டார். “தம்பி, நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்? ஒரே ஒரு தடவை சொல்லுங்க.”

கேட்ட விதம் நியாயமாக இருந்ததால் பதில் சொன்னேன். முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவருகில் உட்கார்ந்து, பையிலிருந்து வரைவை எடுத்து ஆறாவது பத்தியை முழுவதும் வாசித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன்.

“இதுக்காகவா?” என்றார் அண்ணி. பிறகு, “அது பத்திரத்துல இல்ல தம்பி. நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க ஜெராக்ஸுக்குப் போனப்போ. சொந்தக்காரனுக்குக் குடுக்கறதுல என்ன கண்டிஷன்னு அந்தம்மாகிட்ட சொல்லி எடுத்துட்டேன். பெட்டியைத் திறந்து பாருங்க. நான் நெனச்சாலும் ரத்து பண்ண முடியாது. அதனாலதான் தம்பி ரத்து ரத்துன்னு கேலி பண்ணினேன்!”

அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே நினைவு குழம்புகிறதோ என்று முதன்முதலாகக் கவலைப்பட்டேன். நான் சொன்ன பத்தி, என் வாயால் சொன்னது, எப்படி இல்லாமல் போகும்?

பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பெட்டி இருந்தது பன்னிரண்டு அடி தூரத்தில். ஒரு முறை அதன் முன்னால் போய் உட்காரவும் செய்தேன். பத்தி இருந்தால் பயம் அப்படியே இருக்கும். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பத்தி இல்லாவிட்டால், ஆகஸ்டிலிருந்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி வரும். சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன்.

அதன் பிறகு தினமும் அதையே சொன்னார். தட்டை உள்ளே வைக்கும்போது, “படிங்க தம்பி.” தட்டை எடுக்கும்போது, “படிச்சீங்களா?” மிரட்டுகிறவர்கள் இப்படித்தான் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரிக்குப் பிறகு சொல்வதை நிறுத்தினார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இனி அவர் வெளியே வந்தால் போகிற முதல் இடம் பதிவு அலுவலகமாகத்தான் இருக்கும், இரண்டாவது இடம் உங்கள் காவல் நிலையம் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவை நான் எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காகத் திறக்க முடியும் என்று யோசித்தேன். அப்படி ஒரு தேதி கிடைக்கவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை, அவர் தையல் இயந்திரத்தின் பலகைமேல் ஏறிக் காற்றுத் துளை வழியாகக் கூப்பிட முயன்றிருக்கிறார். விழுந்த சத்தம் சமையலறைக்குக் கேட்டது. திறந்து பார்த்தேன். இடது கால் திரும்பியிருந்தது. இடுப்பு எலும்பு என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துப்போய், வேர்த்து, என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். படி ஏறும்போது விழுந்துட்டேன்னு சொல்றேன்.”

மெக்கானிக்கின் வண்டி வாசலில் நின்றது. பட்டறையில் அவர் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மேற்படி வீடு இல்லை. அங்கே கேள்வி கேட்பார்கள், தங்கையைக் கூப்பிடுவார்கள். நான் அவரைத் தூக்கி மெத்தையில் படுக்க வைத்தேன். மருந்துக்கடைக்குப் போய் வலி மாத்திரையும் தைலமும் வாங்கி வந்தேன். பத்தியில் மருந்து என்று இருக்கிறது. கொடுத்தேன். நேரத்தை எழுதினேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

செவ்வாய் அன்று காய்ச்சல் அடித்தது. துணி அளக்கும் மர ஸ்கேலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா ஏதோ தட்டறாங்களே சார்?” என்று கேட்டார். “பழைய ஞாபகம்ப்பா. துணி வெட்டறதா நெனைப்பு,” என்றேன். புதன் அன்று தட்டுவது நின்று நின்று வந்தது. சாயங்காலம் கஞ்சி எடுத்துப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயமா இருக்குப்பா,” என்றார். அவர் என்னிடம் ‘வாங்க போங்க’ இல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

ஐயா, நீங்கள் எதை எழுத வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். செவ்வாய் மதியமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பிழைத்தால் வீடு போகும். மேற்படி வீட்டில், நான்கு எல்லைக்குள், உணவும் மருந்தும் பக்கத்தில் இருக்க, அவர் ஆயுள் தானாக முடிந்தால் நிபந்தனை முழுதாக நிறைவேறிவிடும். பிறகு ரத்து செய்ய உலகத்தில் ஆள் கிடையாது. தெரிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டேன். மூன்று நாளும், ஒவ்வொரு முறையும், தெரிந்துதான். வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக ஸ்கேல் சத்தம் கேட்டது ஒன்றே முக்கால் மணிக்கு. இரண்டு பத்துவரை காத்திருந்து நேரத்தைக் குறித்தேன். நான்கு மணிக்குத் திறந்தேன்.

மருத்துவரை அழைத்தது நான்தான். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் என்ற கட்டத்தில் வீட்டின் முழு முகவரியும் வர வேண்டும், ஓர் எழுத்தும் விடக்கூடாது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். அதற்குத்தான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் பார்த்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் அந்தத் துணி உறையைப் பிரித்து மூலப் பத்திரத்தை என் முன்னால் வைத்தீர்கள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் படித்தேன். ஐந்து பத்தி. ஐந்தாவதற்குப் பிறகு நேராகச் சொத்து விவரம். நடுவில் ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கத்திலும் வலது மூலையில் என் கையெழுத்து இருந்தது. கால்புள்ளி அம்மாவின் வாக்குமூலத்தையும் காட்டினீர்கள். “அவர் ஒரு நாள் படிச்சுப் பார்த்துச் சந்தோஷப்படட்டும், நீங்க சொல்லாதீங்கன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க,” என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்திடும் இடத்தில் மை பரவியிருந்தது. அழுதிருப்பார் போல.

ராத்திரி முழுவதும் இதை யோசித்தேன். என் தரப்பில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஆறாவது பத்தி இல்லையென்றால், பிப்ரவரி பதினெட்டிலிருந்து அந்த வீடு எந்த நிபந்தனையும் இல்லாமல் என்னுடையது. அண்ணியை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை, பத்திரத்தின்படி எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படியானால் பதினான்கு மாதம் நான் கொடுத்த உணவு, உடை, மருந்து எல்லாம் என் சொந்த அன்பினால் செய்தது. தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிப் பத்தியாக.